குழலியின் தோளில் இருந்த கை

குன்னம்
12.11.2006, ஞாயிறு

அன்பு மகள் மலர்கொடிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் தலைவலி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சிறுவாச்சூர் காளியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலையில் நீ போன் செய்தபோது அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி பிடித்திருக்கிறது என்றேன். சளியும் இல்லை ஒன்றும் இல்லை. உனக்கு நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன் மலர், அதைப் போனில் சொல்லிவிட மூன்று ஞாயிறாக வாயைத் திறந்து பார்த்தேன், வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உன் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஜெயங்கொண்டத்து அன்பழகன் லீவு முடிந்து இருபத்தெட்டாம் தேதி அங்கே திரும்புகிறார். உன் தங்கச்சி குழலி தன் கல்யாண போட்டோ புத்தகத்தில் ஒன்றை உனக்கென்று அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அதை நீ பிரித்துப் பார்ப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். படித்த பிறகு என்னோடு பேசுவதும் பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம், நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், நேராக விஷயத்துக்குப் போக இன்னும் தைரியம் வரவில்லை. ஐப்பசி மழை இந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. மேலக்கொல்லையில் மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது, பருத்தியும் பரவாயில்லை, சின்ன வெங்காயம்தான் ஈரம் தாங்காமல் அழுகி, அதைச் சேர்த்து வைத்திருக்கிற பட்டறைப் பக்கம் போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு மழை என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும், நீ அனுப்பிய தைலத்தைப் போட்டுக்கொண்டு தடியை ஊன்றி டீக்கடை வரைக்கும் போய் வந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை வழக்கம்போல, முட்டை போடுகிற நாளில் மட்டும் ஒரு பிள்ளையும் மட்டம் போடுவதில்லை. சமையல் உதவியாள் வீரம்மாள் உன்னைக் கேட்டாள், மலரு எப்ப வருது என்று. அன்றைக்கு நான் குனிந்து முட்டையை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

போன வருஷத் தீபாவளிக்கு நீ அன்பழகனிடம் டிஜிட்டல் கேமரா கொடுத்து அனுப்பினாய் இல்லையா, எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. ஃபிலிம் ரோல் இல்லாமல் படம் பிடித்து அப்போதே பார்க்கிற அதிசயத்தில் நான் கோழி, ஆடு, மழை பெய்கிற கூரை என்று கண்டதையும் எடுத்தேன். கேமரா வயிறு நிறைந்து இனிமேல் எடுக்க முடியாது என்று நின்றுவிட்டது. படங்களை வெளியே எடுக்க வழி கேட்டுத்தான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெயசித்ரா நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். கம்பியைச் சொருகி ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்களே கத்துக்கலாம்மா, சனி ஞாயிறு வாங்க, ஸ்லைடு ஷோ போட ஒரு மாசம் போதும் என்றது. ஐம்பத்தி நாலு வயசில் நான் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். எலியைப் பிடித்து நகர்த்தினால் அம்பு ஒரு மூலைக்கும் என் மனசு ஒரு மூலைக்கும் ஓடும். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். படங்களை எல்லாம் முதலில் ஒரே ஃபோல்டரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது. ஒரு ஸ்லைடில் ஒரு படம் போதும், ஐந்தாறு படத்தை அடைத்தால் எதையும் பார்க்க முடியாது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படம் சுழன்று குதித்து வருகிற வேலையெல்லாம் வேண்டாம், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நீயும் அங்கே ஸ்லைடு செய்வதாக இருந்தால் இதை மனசில் வைத்துக்கொள். அழகாக இருக்கிறதே என்று ஒரு நாள் அப்பா படத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை போட்ட ஃபிரேம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டேன், கீழே எரிகிற குத்துவிளக்கு வேறு. வகுப்பே சிரித்தது, ஜெயசித்ரா ஓடி வந்து, ஐயோ அம்மா, இது செத்தவங்களுக்குப் போடுறது என்று அழித்தாள். வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் அப்பா, என்ன இப்பவே மாட்டிட்டியா என்று கேட்டுவிட்டு அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

எதற்கு இவ்வளவு ஆர்வம் என்றால், போன வைகாசியில் பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையாக இருந்தது முதல் வளர்ந்தது வரை திரை கட்டிப் படம் காட்டினார்கள். நம் குழலி கல்யாணத்திலும் அப்படிச் செய்து காட்ட வேண்டும், அதுவும் கூலிக்கு ஆள் வைக்காமல் நானே செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. அதே சமயத்தில்தான் ஆண்டிமடம் சம்பந்தம் கூடி வந்தது. ஆனியில் பூ வைத்தார்கள். இங்கிருந்துதான் மலர் என் தப்பு தொடங்குகிறது. ராஜராஜன் மாப்பிள்ளையின் அம்மா பாப்பாத்தி அன்றைக்கே என்னிடம், பெரிய பொண்ணு வெளிநாட்டுல இருக்குதில்ல, அதுக்கு எப்ப தோது வருதோ அப்பவே வச்சுக்குவம், தை மாசம்னாலும் எங்களுக்குச் சம்மதந்தான் என்று வாய் நிறையச் சொன்னார்கள். நான்தான் உடனே, அவளுக்கு ஒரு வருஷத்துக்கு லீவே கிடைக்காதுங்க, நீங்க ஆவணியிலயே வச்சுடுங்க என்றேன். உன்னைக் கேட்கவே இல்லை, நானே சொன்னேன். ஆவணி பதினெட்டு என்று இரண்டு மாசத்துக்கு முன்பே தேதி குறித்தாகிவிட்டது. அதன் பிறகு நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, தேதி குறிச்சாச்சாம்மா, ஒரு மாசம் முன்னாடி சொன்னாத்தான் லீவு எழுதித் தருவாங்க என்று கேட்பாய், நான் ஜோசியர் இன்னும் பார்க்கவில்லை என்பேன். குழலி உன்னோடு பேசிவிடக் கூடாது என்று அந்த நேரம் பார்த்து அவளைக் கடைக்கு அனுப்புவேன், இல்லை குளிக்கிறாள் என்பேன். அவளிடம் அக்காவுக்கு லீவு இல்லையாம், தேதியைப் பேசினால் வருத்தப்படுவாள், நீ பேசாதே என்று சொல்லி வைத்தேன். கடைசியில் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு வேலையில் மாற்றல் வரும்போல் இருக்கிறது, சட்டென்று முடிவாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். மாற்றலும் இல்லை ஒன்றும் இல்லை. நீ நல்லபடியா நடத்துங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அதனால் யார் மேலும் பழி போட வழியில்லை. முப்பத்திரண்டு வயசுப் பெரிய பெண் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் மண்டபத்தில் நின்றால், சின்னவள் மணையில் உட்கார்ந்திருக்கும்போது நம் சனம் உன்னைத்தான் பார்க்கும், ஏன் என்ன என்று வாய்க்கு வந்ததைக் கேட்கும், உனக்கு அது வேண்டாம் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை. அவர்கள் என்னைத்தான் கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பயம்தான். உன்னை மறைத்தால் அந்தக் கேள்வி வராது என்று நினைத்துவிட்டேன்.

மறைக்கத் தொடங்கினால் எங்கே நிற்பது. ஸ்லைடு ஷோவுக்காகப் பீரோவிலிருந்து பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன், ஜெயசித்ரா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கொடுத்தாள். குழலி குழந்தையாக இருக்கிற படங்களில் நீ இல்லாத படம் ஒன்றுகூட இல்லை மலர், எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிறுவாச்சூரில் மொட்டை போட்ட படத்தில் அவள் தலையில் சந்தனத்தோடு அழுகிறாள், நீ மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், உனக்குப் பதினோரு வயசு. பள்ளிக்கூட முதல் நாள் படத்தில் அவள் சிலேட்டை நீ தூக்கிக்கொண்டு நிற்கிறாய். அவள் வயசுக்கு வந்து தண்ணி ஊற்றிய அன்றைக்கு அவள் சடையில் பூ வைக்கிறது நீ. நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன், இரண்டு படத்தில் ஓரமாக நிற்கிறேன், பாக்கி எல்லாவற்றிலும் நான் சத்துணவுக் கூடத்தில் இருந்திருப்பேன். பிள்ளையை வளர்த்தது நீ. திரையில் நீ வந்தால் இந்தப் பெண் யார், கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை, கட்டிக்கொடுத்தாயிற்றா என்று கேள்வி வரும். அதனால் கிராப் என்கிற பொத்தானை அழுத்தி, படத்தின் ஓரத்தில் வருகிற கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு படத்திலிருந்தும் உன்னை வெட்டினேன். நான்கு நாள் ஆயிற்று. எல்லா வேலையிலும் தடுமாறுகிற என் கை இந்த வேலையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. ஜெயசித்ரா பின்னால் வந்து நின்று, ஏம்மா இந்த அக்காவ எல்லாத்துலயும் எடுக்கிறீங்க என்று கேட்டது. அவளுக்குத் தனியா வேற ஒண்ணு செய்யப்போறேன் என்றேன். அது ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது. மொட்டைப் படத்தில் மட்டும் எவ்வளவு இழுத்தும் முழுக்க வரவில்லை. குழந்தையின் தோளைப் பிடித்திருந்த உன் கையை எடுத்தால் குழந்தையின் முகமும் போகிறது. சரி, கைதானே என்று விட்டுவிட்டேன்.

வரவேற்பு அன்று சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் தர்மராஜ் புரொஜெக்டர் கொண்டுவந்து, மேடைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நாதஸ்வர கேசட்டைப் போட்டு என் ஸ்லைடு ஷோவை ஓட்டினார். ஆளாளுக்குக் கை தட்டினார்கள், சத்துணவு அமைப்பாளரம்மாவே செஞ்சதாம் என்று பேசிக்கொண்டார்கள், எனக்குத் தலை கால் புரியவில்லை. மொட்டைப் படம் வந்தது. வேட்டி அகலத்துக்குக் குழலியின் முகம், அவள் தோளில் ரப்பர் வளையல் போட்ட ஒரு கை, கைக்கு உடம்பு இல்லை. எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா, ஜெயங்கொண்டத்தில் இருக்கிறவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். அது யாரு கைங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். மூத்தவள் கை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. நான் சட்டென்று, பக்கத்து வூட்டுப் பொண்ணுங்க என்றேன். இந்த வரியை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு பக்கம் வேண்டியிருந்தது. பத்து மாசம் சுமந்த பிள்ளையை நானூறு பேர் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில் பக்கத்து வீட்டுப் பெண் என்று சொன்னேன் மலர். அந்த நேரம் நீ அங்கே டியூட்டியில் இருந்திருப்பாய். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய், கை கழுவுகிற இடத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து எல்லோரிடமும் சிரித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தர்மராஜிடம் கல்யாணப் படங்களோடு என் ஸ்லைடு ஷோ சிடியையும் கொடுத்து, முன்பாதியில் சின்ன வயசுப் படங்கள், பின்பாதியில் கல்யாணம் என்று புத்தகமாகப் போட்டுத் தரச் சொல்லியிருந்தேன், இப்போது படத்தை ஒட்டுகிற ஆல்பம் எல்லாம் போய் தாளிலேயே அச்சடித்துக் கட்டித் தருகிறார்கள். திருச்சி லேப்பில் அச்சாகி வர இரண்டு மாசம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் அவர் புத்தகத்தை நேராக ஆண்டிமடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அங்கே சம்பந்தியம்மா, பெரியம்மா, மாப்பிள்ளை, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே நீ இருந்திருக்கிறாய். அடுத்த பக்கத்திலும் நீ, அதற்கு அடுத்த பக்கத்திலும் நீ. கம்ப்யூட்டரில் கிராப் செய்தால் படம் மறைந்துதான் இருக்குமாம், போய்விடாதாம். தர்மராஜ் புத்தகத்துக்குப் படம் பெரிதாக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார், நான் வெட்டிய அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. பிறகு நான் கேட்டதற்கு, அவசரத்துல தப்பா வெட்டிட்டீங்கன்னு நெனச்சேம்மா, அந்தப் பொண்ணு எவ்வளவு அழகா புடிச்சிக்கிட்டிருக்கு என்று நல்ல எண்ணத்தோடு சொன்னார். என் நோட்டை எடுத்துப் பார்த்தேன், கிராப் மறைக்கும், அழிக்காது என்று ஜெயசித்ரா முதல் வாரமே சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். புரியாமல் எழுதிய எழுத்து.

சம்பந்தியம்மா குழலியிடம், இது ஒங்க அக்காதான, மண்டபத்துல ஏன் இந்தப் புள்ளயக் காட்டல என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பெரியம்மா, பக்கத்து வூட்டுப் பொண்ணுன்னுல்ல ஒங்க அம்மா சொன்னாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். குழலி புத்தகத்தை மூடி எடுத்துவைத்தாளாம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்தாள். காபிகூட வாங்கவில்லை. புத்தகத்தை அப்பா மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அக்காவுக்கு லீவு கெடைக்கலன்னு அக்கா சொன்னுச்சா, நீ சொன்னியா என்று கேட்டாள். கல்யாணம் முடிந்து நீ அவளுக்கு எழுதிய கடிதத்தில், பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் தெரிந்தது, தெரிந்திருந்தால் பறந்து வந்திருப்பேன் என்று எழுதியிருந்தாயாம், அப்போது அவளுக்கு உறைக்கவில்லை, இப்போது அதையும் கையில் வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சொல்லாமல் எங்கே போக. அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. என் கல்யாணத்துல எனக்கு வேண்டியவ ஒருத்திதான், அவள வரவுடாம பண்ணிட்டியேம்மா என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நீயே ஒன் கையால அக்காவுக்கு எழுது, இல்லன்னா நான் எழுதுறேன் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் தண்ணி என்ற வார்த்தையைத் தவிர வேறு பேசவில்லை. எட்டாம் நாள்தான் பேசினார், அந்தப் புள்ள இல்லாம ஒரு கல்யாணத்த நடத்திப்புட்டியே, எனக்குக்கூடச் சொல்லலியே என்றார். நீ லீவு இல்லாமல்தான் வரவில்லை என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

இது வரைக்கும் குழலிக்குத் தெரிந்தது. இனி எழுதப்போவது அவளுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. கேள்வி வந்தால் என்னிடம் பதில் இல்லை என்று மேலே எழுதினேன், ஏன் இல்லை என்று சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு வெட்டு வேலைதான். தொண்ணூற்றெட்டில் பாடாலூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான பிள்ளை. நீ திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்து காபி கொடுத்தாய். அவர்கள் போன பிறகு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், நீ தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாய், எனக்குப் புரிந்தது. அதற்குப் பத்தே நாளில் அப்பா வெங்காய மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். குழலி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் பாடாலூரிலிருந்து கார்டு வந்தது. பொருத்தம் நன்றாக இருக்கிறது, பெண்ணைப் பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேச எப்போது வரலாம் என்று எழுதியிருந்தார்கள். நீ புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் இந்த வீட்டை யார் தூக்கி நிறுத்துவது என்று கணக்குப் போட்டேன். அவர்களுக்கு இப்போது தோதுப்படாது என்று பதில் போட்டேன். உன்னிடம் ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று சொன்னேன். பொருந்தியிருந்தது மலர். அடுத்த வருஷம் மஸ்கட் வேலை வந்தது, நீ போனாய், அப்பா எழுந்து நடந்தார், குழலி படித்தாள். பிறகு வந்த ஒன்றிரண்டு இடத்தையும் நான் அக்கறையாகக் கேட்கவில்லை, இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று தள்ளினேன். உன்னைக் கல்யாணம் இல்லாமல் நிற்க வைத்தது நான். அப்படி நிற்கிறாய் என்று வெட்கப்பட்டு மறைத்ததும் நான்.

அந்தக் கார்டை அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்கலாம், மனசு வரவில்லை. பழைய சத்துணவு ரிஜிஸ்டர் ஒன்றுக்குள் எட்டு வருஷமாக வைத்திருந்தேன். இந்தக் கவருக்குள் அதை வைத்திருக்கிறேன். உனக்கு வேதனையாக இருக்கும் என்று இரண்டு தரம் வெளியே எடுத்தேன், இரண்டு தரம் திரும்ப வைத்தேன். உனக்கு வர வேண்டிய சேதியை நான் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இனிமேல் உன் கல்யாணத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், யாரை என்றாலும், அது உன் பேச்சு, அப்பாவும் நானும் நீ சொல்கிற இடத்தில் வந்து நிற்போம். தைக்கு லீவு கிடைத்தால் ஊருக்கு வரலாம், ஆனால் நேராக ஆண்டிமடத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போ, சம்பந்தியம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்று தினம் சொல்கிறார்களாம். இங்கே வரத் தோன்றினால் வா, தோன்றாவிட்டால் வர வேண்டாம். வீரம்மாளிடமும், டீக்கடையில் கேட்கிறவர்களிடமும், அந்த ஜெயங்கொண்டத்துப் பெரியம்மாவிடமும், மண்டபத்துக்கு வராதவள் என் மூத்த மகள், வரவிடாமல் செய்தது நான் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பெரியம்மா வீட்டுக்கு நேற்று நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

அன்பழகனிடம் புத்தகத்தோடு உனக்கு முருங்கைக்கீரைப் பொடியும் முந்திரியும் கொடுத்திருக்கிறோம், முந்திரி சம்பந்தி வீட்டுக் கொல்லையில் விளைந்தது. இரத்தம் குறைவாக இருக்கிறது என்று அங்கே டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே, பொடியைச் சோற்றில் முதல் உருண்டைக்குப் பிசைந்து சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே. இந்த வீட்டையே கரையேற்றிய உன் கைக்கு ஒரு குறையும் வராமல் அந்தக் காளி உன்னைத் தலை நிமிர்ந்து நல்லபடியாக வாழ வைக்கட்டும். அப்பா ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார், நீங்கள் இதைத் தபாலில் போட்டு வந்ததும் சொல்கிறேன் என்றேன், நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்து நான் உனக்கு எது செய்தாலும், உன் பங்கு மீனை எடுத்து யாருக்குப் போட்டாலும், உன் பாவாடையைக் குழலிக்குப் பிரித்துத் தைத்தாலும், நீ பரவாயில்லம்மா என்றுதான் சொல்வாய், நானும் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். இந்தக் கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுதிவிடாதே மலர். திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, எழுதப் பிடிக்காவிட்டால் எழுதாதே, பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே.

உன்னைப் பெற்ற
கலியம்மாள்